பிறையிலிருந்து புதுக்கோட்டைக்கு: வாசல்முதல் வாசல்வரை ஒரு பயணக் கணக்கு

2023 ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து மச்சான் அழைத்து, என் தாய்மாமன் விடியற்காலையில் தவறிவிட்டார் என்ற செய்தியைச் சொன்னார். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவரே. "அத்தை வந்து முகம் பார்க்கணும். நாளைக் காலை பத்து மணி வரைக்கும் வச்சிருக்கோம், எப்படியாவது கூட்டிக்கிட்டு வந்துடுங்க மச்சான்" என்றார். நாங்கள் பினாங்கு மாநிலத்தின் பிறையில் குடியிருப்பவர்கள். கையில் முழுதாக முப்பது மணி நேரம் இருந்தது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம், ஆக மொத்தம் ஐந்து மணி நேரம் என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, "கட்டாயம் பார்த்துவிடலாம்" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. எந்தெந்த இடத்தில் கணக்குப் பிசகியது என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். மலேசியாவில் வாழ்ந்துகொண்டு தமிழ்நாட்டில் உறவு வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு காலைநேரத் தொலைபேசி அழைப்பு என்றாவது வரக்கூடும்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையத்துக்கும் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் இடையே வான்வழியில் நேர்த்தூரம் சுமார் 325 கிலோமீட்டர். சிப்பாங்கிலிருந்து திருச்சிக்குச் சுமார் 2,690 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 3,015 வருகிறது. ஆனால் பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அது 2,450 கிலோமீட்டர்தான். அதாவது மேற்கே போக வேண்டிய நாங்கள் முதலில் தென்கிழக்கே இறங்கி, பிறகு மேற்கே திரும்புவதால், 565 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கிறோம். இந்த நேர்த்தூரம் உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே நூல் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். விமானம் வகுத்துவைத்த வான்பாதைகளில் செல்வதாலும், ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்றி ஏறி இறங்குவதாலும், உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். இணையத்தில் தூரம் தேடுவோர் அலகையும் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர் - திருச்சி தூரத்தையே ஓரிடத்தில் 1,672 மைல் என்றும், மற்றோரிடத்தில் 1,452 கடல்மைல் என்றும் காண்பீர்கள். இரண்டும் சரியே. விமானிகள் கணக்கிடும் கடல்மைல் 1.852 கிலோமீட்டர் நீளமுடையது.

தூரத்திலிருந்து நேரத்தைக் கணிக்க எனக்குப் பயன்படும் ஒரு கைக்கணக்கு உண்டு. கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, வரும் மணிக்கணக்கோடு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தடங்களில் ஓடும் நடுத்தர ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. ஆனால் தரையில் ஊர்ந்து செல்வதிலும், ஏறுவதிலும், இறங்குவதிலும் அந்த வேகம் கிடையாது என்பதால்தான் அந்த அரை மணி நேரம். திருச்சிக்கு இப்படிக் கணக்கிட்டால் 3 மணி 52 நிமிடம் வருகிறது. பயணச்சீட்டில் பெரும்பாலும் நான்கு மணி நேரத்தை ஒட்டியே அச்சிட்டிருப்பார்கள். பினாங்கு - கோலாலம்பூருக்கு 54 நிமிடம் வருகிறது. சீட்டில் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். சீட்டில் உள்ள நேரம் விமானம் ஒரு நிலையத்தில் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தில் நிறுத்துமிடம் சேர்வது வரையிலான நேரம் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் பயணி செலவிடும் நேரம் எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் கூட்டிய ஐந்து மணி நேரம் விமானங்களுக்கு உரிய கணக்கு. எழுபது வயது அம்மாவுக்கு உரிய கணக்கை நான் போடவே இல்லை.

இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருவரிடமும் இருந்ததால் விசா பற்றிய கவலை இல்லை. காலையில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் விமானத்தைப் பிடிக்க வழியில்லாததால், இரவு 10.10-க்குத் திருச்சி செல்லும் விமானத்தில் இடம் எடுத்தேன். அதனோடு சேர்வதற்காக, மாலை 6.50-க்குப் பினாங்கில் கிளம்பி 7.55-க்குக் கோலாலம்பூர் சேரும் வேறொரு நிறுவனத்தின் விமானத்தைத் தனிச் சீட்டாக எடுத்தேன். இடையில் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன்.

ஏப்ரல் மாதம் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் அந்த வாரங்களில் பிற்பகலிலும் மாலையிலும் இடியுடன் கூடிய மழை கொட்டுவதை இங்கே வளர்ந்த எவரும் அறிவர். நானும் அறிவேன். இருந்தும் மாலை விமானத்தை எடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. கோலாலம்பூரில் மழை என்பதால் பினாங்கிலிருந்து கிளம்பவே ஏழே முக்கால் ஆயிற்று. அதன்பின் இறங்குவதற்கு முறை வரும்வரை வானில் வட்டமடித்து, ஒன்பது மணிக்குத்தான் தரையைத் தொட்டோம். தனித்தனிச் சீட்டு என்பதால் பெட்டி திருச்சிவரை தானாகப் போகாது. நாங்களே எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பெட்டி கைக்கு வந்தபோது 9.25. அடுத்த விமானம் மற்றொரு முனையத்தில் இருந்தது. இரு முனையங்களுக்கும் இடையே ரயில் ஓடும் நேரம் மூன்று நிமிடந்தான். ஆனால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, அம்மாவின் நடைக்கு ஏற்ப நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலேறிச் செல்வதற்குள் அரை மணி நேரம் கடந்துவிட்டது. கவுண்டர் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, 9.10-க்கு, மூடப்பட்டிருந்தது. உண்மையில் எங்கள் பெட்டி பட்டையில் வருவதற்கு முன்பே அந்த விமானம் எங்களுக்கு இல்லையென்று ஆகிவிட்டது. இரண்டேகால் மணி நேரம் என்று நான் நினைத்தது, கவுண்டர் மூடும் நேரத்தைக் கழித்தால் ஒன்றேகால் மணி நேரமாகத்தான் இருந்தது. அதையும் மழை எடுத்துக்கொண்டது. தனிச் சீட்டுகளில் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அங்கே நின்று கெஞ்சியும் பலன் இருக்கவில்லை. அவர்கள் விதிப்படி நடந்துகொண்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. மறுநாள் காலை 8.30 விமானத்தில் இரண்டு இடங்கள் கிடைத்தன. உடனே மச்சானை அழைத்து, "நாளைக்கு எட்டரைக்கு ஏறுறோம், நாலு மணி நேரம், பன்னிரண்டரைக்கு இறங்கிடுவோம்" என்று சொன்னேன். பக்கத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த அம்மா, "ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்லணும்ல?" என்று கேட்டார். அம்மா 1974-இல் மணமகளாக நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அந்தக் காலத்தில் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இரண்டு மணி நேர வித்தியாசந்தான் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவு பன்னிரண்டாக்கி, தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் இரண்டரை மணி நேரம். அம்மாவின் மனத்தில் பழைய கணக்கே தங்கியிருந்தது. அவர் சொன்ன எண் சரியில்லை, ஆனால் கேட்ட கேள்வி முற்றிலும் சரி. நான்தான் "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்மா" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன்.

நான் சொன்ன பன்னிரண்டரை மலேசிய மணி. இந்திய மணிப்படி அது காலை பத்து. அங்கே இருந்தவர்களோ அதை இந்திய மணி என்றே எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டரைக்கு இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, அறுபது கிலோமீட்டர் சாலையில் வந்து சேர மணி இரண்டரைக்கு மேல் ஆகிவிடும் என்று பெரியவர்கள் கணித்து, அதுவரை வைத்திருக்க இயலாது என்று முடிவெடுத்து, பதினொரு மணிக்கு எடுப்பதாக நிச்சயித்துவிட்டார்கள். அதை எங்களிடம் சொல்ல முயன்றபோது என் கைப்பேசி அணைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இந்திய நேரம் பத்து மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே திருச்சியில் இறங்கினோம். கூட்டம் குறைவாக இருந்ததால் 10.45-க்கு வெளியே வந்தோம். விமான நிலையத்து வைஃபையில் சேர வேண்டுமானால் கைப்பேசிக்கு ஒரு கடவு எண் வர வேண்டும். எங்கள் மலேசிய எண்ணுக்கு அது வரவில்லை. வாடகைக் கார் ஓட்டுநரின் பேசியை வாங்கி மச்சானை அழைத்தபோது மணி 11.05. எடுப்பில் இருந்ததால் யாரும் பேசியை எடுக்கவில்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழைய வேண்டிய அவசியமில்லை. வழியில் எங்கும் நிற்கவில்லை. 11.55-க்கு வீட்டு வாசலில் இருந்தோம்.

தெருவில் சாமந்தி இதழ்கள் கிடந்தன. திண்ணையைக் கழுவிவிட்டிருந்தார்கள். நடுவீட்டில் மாமாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அங்கே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அந்த ஈரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, "எத்தனை மணிக்கு எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது 2.25 காட்டிக்கொண்டிருந்தது. மாலையில் மச்சான் என்னிடம் சொன்னார்: "பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருந்திருப்போமே மச்சான்." மழையால் இழந்த பத்து மணி நேரம்கூட எங்களைத் தோற்கடித்திருக்கவில்லை. நான் மாற்றிச் சொல்லாமல் விட்ட இரண்டரை மணி நேரந்தான் தோற்கடித்தது.

அதன்பிறகு எந்தப் பயணத்துக்கும் ஒரு நோட்டுப் பக்கத்தில் இரண்டு பத்தி போடுகிறேன். இடப்பக்கம் மலேசிய மணி, வலப்பக்கம் இந்திய மணி. வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தில் தொடங்கி, ஊர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்வரை ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு மணியிலும் எழுதுகிறேன். சீட்டில் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் மணியிலும், வந்துசேரும் நேரம் சேரும் ஊரின் மணியிலும் அச்சிடப்படுவதால், அந்த இரண்டையும் அப்படியே கழித்துப் பார்ப்பவருக்குப் போகும்போது ஒன்றரை மணி நேரப் பயணம் போலவும், திரும்பும்போது ஆறரை மணி நேரப் பயணம் போலவும் தோன்றும். பறப்பது இரு வழியிலும் ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான். ஊரில் காத்திருப்பவர்களிடம் இறங்கும் நேரத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன். "உங்கள் மணிப்படி இத்தனை மணிக்கு உங்கள் வாசலில் இருப்போம்" என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இணைப்பு விமானத்தைப் பொறுத்தவரை, இயன்றவரை இரண்டு பயணங்களையும் ஒரே முன்பதிவில் எடுப்பதே நல்லது. அப்போது பெட்டி நேராக இறுதி ஊருக்குப் போகும் வாய்ப்பு உண்டு. இணைப்புத் தவறினால் அடுத்ததில் ஏற்றும் பொறுப்பும் அவர்களைச் சேரும். தனிச் சீட்டுதான் எடுக்க முடியும் என்றால், இடைவெளியை விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து எண்ணாமல், கவுண்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படி எண்ணி நான்கு மணி நேரமாவது இல்லாவிட்டால் நான் எடுப்பதில்லை. இழவுக்குப் போகும்போது கைப்பை மட்டும் போதும். அந்தத் திங்கட்கிழமை நான் பட்டையருகே நின்ற நேரம் முழுவதும் நான்கு புடவைகளும் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்த பெட்டிக்காகவே போயிற்று. அன்றைய கடைசி விமானத்தை நம்பிப் போகிறவருக்கு, அது தவறினால் இழப்பு ஓர் இரவு முழுவதும் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதையும் வாசல் கணக்கே முடிவு செய்ய வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே நேரடி விமானம் ஓடுகிறது. தூரம் சுமார் 2,365 கிலோமீட்டர், என் கைக்கணக்குப்படி 3 மணி 27 நிமிடம். கோலாலம்பூருக்கு இறங்கி ஏறும் தொல்லை இல்லை. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து உறவுக்காரர்களுக்கு இது பெரும் வசதி என்பதில் எனக்கு ஐயமில்லை, அவர்கள் வேறு வழியை யோசிக்கவே தேவையில்லை. எங்களுக்கோ சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு இன்னும் ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தரைவழி. ரயிலானாலும் காரானாலும் ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். வானில் மிச்சமாகும் நேரத்தைத் தரை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதே கணக்கு உள்நாட்டிலும் பொருந்தும். பிறையிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து, தொழிற்பேட்டை விடும் நேரத்து நெரிசலில் பாயான் லெப்பாஸ் போக ஒரு மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு, ஒரு மணி நேரப் பறப்பு, இறங்கி வெளியே வர அரை மணி நேரம், சிப்பாங்கிலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் மற்றொரு அரை மணி நேரமும் அதற்கான காத்திருப்பும் என்று கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. பிறைக்குப் பக்கத்திலுள்ள பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். என்னும் மின்சார ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் சேர நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். நகருக்குள் போகிறவருக்கு ரயில் நல்லது. சிப்பாங்கிலேயே வேறு விமானம் ஏறப்போகிறவருக்கு விமானந்தான் நல்லது.

2025 ஜூலை தொடக்கத்தில், ஆனி மாத முகூர்த்தத்தில், மாமாவின் பேத்திக்குத் திருமணம். இம்முறை முதல் நாளே ரயிலில் கோலாலம்பூர் சென்று, கிள்ளானில் தங்கை வீட்டில் தங்கி, மறுநாள் காலை விமானத்தைப் பிடித்தோம். காலையில் இடிமழை அரிது என்பதும் ஒரு காரணம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டிருந்தேன். நாற்காலிப் பயணிகள் விமானத்திலிருந்து கடைசியில் இறக்கப்படுவார்கள் என்பதால் அதற்கும் இருபது நிமிடம் நோட்டில் எழுதினேன். எல்லாம் கூட்டி, "இந்திய மணி பன்னிரண்டரைக்கு உங்கள் வாசலில்" என்று முந்தின நாளே மச்சானுக்கு எழுதி அனுப்பினேன்.

ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து தரை தொடும்வரை அன்று 3 மணி 25 நிமிடந்தான் ஆயிற்று. திரும்பும்போது 3 மணி 45 நிமிடம் ஆயிற்று. கிழக்கே பறப்பதுதான் விரைவு என்று பலர் சொல்வார்கள். வடக்கே, மேலைக்காற்று வலுத்த பகுதிகளில் அது உண்மை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் அதை ஆராய்ந்து விளக்கினார். தரையில் தென்மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும் அதே மாதங்களில் மேலே காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஊருக்குப் போகிறவரை அது பின்னிருந்து தள்ளுகிறது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நூல் பிடித்தால் அது மேடானுக்குச் சற்று வடக்கே சென்று, அச்சே நிலத்தைக் கடந்து, நிக்கோபாருக்குத் தெற்கே கடலில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கோடியக்கரையை ஒட்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும். இறங்கத் தொடங்கியதும் சன்னல் வழியே கரை தெரிந்தது. வலப்பக்கம் எங்கோ நாகப்பட்டினம் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்துத் திருகாணியை மெல்ல இழுத்து, முள்ளைப் பின்னோக்கிச் சுற்றினார். "ரெண்டு இல்லடா, ரெண்டரை" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி கட்டிக்கொண்டார்.

12.20-க்குத் தெருமுனையில் மச்சான் குடையோடு நின்றிருந்தார். அத்தை வாசலுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். நடுவீட்டில் மாமாவின் படத்துக்குப் புதிதாக மாலை போட்டிருந்தார்கள். அம்மா அதன்முன் நின்றபடி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் பெட்டிகளை இறக்கிவைக்கப் போனேன்.